எடைக்கு வந்த உளிகள்



சென்ற அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மாலை, செபமாலை முடிந்து கோயில் கதவைச் சாத்தும் வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய கணவர் தச்சர். நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டு, அதற்கு முந்தின ஆண்டு இறைவனடி சேர்ந்தவர்.

“சாமி, அவரு பொட்டி ஊட்டுல சும்மா கெடக்குதுங்க. பழைய இரும்புக்காரரு ரெண்டு தரம் வந்து கேட்டுட்டாருங்க. எடைக்குப் போட்டுரட்டுங்களா?”

“நாளைக்கு நானே வீட்டுக்கு வருகிறேன் அம்மா. அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்” என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவு விரைவாக நான் விடை சொன்னதற்குக் காரணம் மேய்ப்பனுக்குரிய அக்கறை மட்டுமன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கைக்கருவிகளை, அவற்றிலும் சிறப்பாக உளிகளை, இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறவன் நான். அறைவீட்டில் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் அவற்றுக்கே உரியவை. பிறர் உடைமைமீது ஆசை வைக்கலாகாது என்னும் பத்தாம் கட்டளையைப் பீடத்தில் நின்று விளக்குகிறவனுக்கு, அது உளிகளுக்கும் பொருந்தும் என்பது எப்போதும் நினைவில் நிற்பதில்லை. அன்று இரவு அந்தப் பெட்டியில் என்னென்ன இருக்கக்கூடும் என்று எண்ணியபடியே உறங்கினேன்.

உளியில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கைக்கருவிகளுள் உளியைப்போல் எளிய உருவம் கொண்டது வேறில்லை. ஒரு முனையில் அடி வாங்க வேண்டும். மறு முனையில் வெட்ட வேண்டும். ஆனால் இந்த எளிய கருவியின்றி நம் வாழ்வில் ஒன்றும் அமைந்ததில்லை. தச்சன் நிலைக்கதவுக்குத் துளையிடுவதும், கல்தச்சன் தூண் செதுக்குவதும், தட்டான் பொன்னில் பூவேலை செய்வதும் உளியால்தான். மரத்தை வழவழப்பாக்கும் இழைப்புளியின் பெயரிலேயே உளி ஒளிந்திருக்கிறது. அதன் வயிற்றில் சாய்வாகச் செருகியிருப்பது ஓர் உளியன்றி வேறென்ன? ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று தெருவில் கூவி வந்த குரலை உங்களில் நடுவயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த மனிதரின் தோள்பையில் இருந்தவை ஒரு சுத்தியலும் இரண்டு மூன்று சிற்றுளிகளுமே. மின்சாரத்தால் ஓடும் அரைவை இயந்திரங்கள் வந்தபின் அந்தக் குரல் நம் தெருக்களிலிருந்து விடைபெற்றுக்கொண்டது. அந்தச் சிற்றுளிகள் எங்கே போயின என்று எவரும் கேட்கவில்லை.

நாமக்கல் மலை ஒரே பாறை. அதைக் குடைந்து 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் அமைத்த குகைக் கோயில்கள் இரண்டையும் காண எங்கிருந்தோ வருகிறார்கள். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலின் கல்சங்கிலியையும், யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையையும் வியந்து பார்க்கிறோம். ஆனால் அவற்றைச் செதுக்கிய உளியை எவர் கண்டார்? கருங்கல்லில் நான்கு அடி விழுவதற்குள் உளியின் முனை மழுங்கிவிடும். ஆகவே கல்தச்சர் வேலை செய்யும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே ஒரு கொல்லுலை எரிந்துகொண்டிருக்க வேண்டும். மழுங்கியதைக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, தோய்ச்சல் ஏற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உளி சிறிது குறுகும். இவ்வாறு குறுகிக் குறுகி, கையில் பிடிக்க இடமின்றிப் போனபின் அதே உலையில் வேறு இரும்போடு கலந்துவிடும். கோயில் நிற்கிறது, உளி கரைந்துவிட்டது.

மறுநாள் அந்த வீட்டுக்குச் சென்றேன். முற்றத்தில் கயிற்றுக் கட்டிலின்மேல் பெட்டி திறந்து வைக்கப்பட்டிருந்தது. வாய்ச்சி ஒன்று, கைவாள் இரண்டு, துரப்பணம் ஒன்று, இழைப்புளி மூன்று, அடிபட்டு அடிபட்டு நடுவில் குழிந்துபோன கொட்டாப்புளி ஒன்று. இவற்றுக்கடியில் சாக்குத் துணியில் சுற்றி உளிகள் பதினொன்று. சில அகன்ற வாயுடையவை, சில துளையிடுவதற்கென்று ஒடுங்கித் தடித்தவை, ஒன்று நகம்போல் வளைந்த வாயுடையது. பெரும்பாலானவை உள்ளூர்க் கொல்லர் அடித்தவை. லாரியின் தேய்ந்த வில்பட்டையை வெட்டிச் செய்தவை என்பது அவற்றின் கனத்திலேயே தெரிந்தது. நம் ஊர்த் தச்சர்களுக்கு அதைவிட நல்ல எஃகு மலிவாக எங்கே கிடைக்கும்? லாரிக்குக் கூண்டு கட்டும் உளியை லாரியே ஈன்று கொடுத்திருக்கிறது.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. வாய் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அலகு பாதிக்குமேல் தேய்ந்து குறுகியிருந்தது. கருவேலங்கட்டைப் பிடி பிற்காலத்தில் போட்டது. கழுத்தருகே துருவை விரலால் தேய்த்துப் பார்த்தபோது, மூவிலைச் சின்னமும் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்னும் ஆங்கில எழுத்துக்களும் மங்கலாய்த் தெரிந்தன. அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து மார்ப்பிள்ஸ் கம்பெனியாரின் முத்திரை. (அயர்லாந்து நாட்டுப் புனித பத்திரிக்கு, திரித்துவத்தை விளக்கக் கையில் எடுத்தார் என்று மரபு கூறும் அதே மூவிலைதான். அந்தக் கம்பெனியாருக்கு அது வாணிகச் சின்னம். வேறு நோக்கம் இல்லை.)

ஷெஃபீல்டு உளி சேலத்துச் சீமைக்கு வந்து சேர்ந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. அதை விளங்கிக்கொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

அந்நாளில் சேலம் பகுதியின் இரும்புக்கு நாடெங்கும் பெயர் இருந்தது. கஞ்சமலையிலும் அதைச் சூழ்ந்த குன்றுகளிலும் காந்தத் தன்மையுள்ள இரும்புத்தாது மிகுதி. ஆள் உயரம்கூட இல்லாத மண் உலைகளில், ஆட்டுத்தோல் துருத்தி ஊதி, கரியின் வெப்பத்தில் அத்தாதை உருக்கினர் நம் முன்னோர். அவ்வாறு கிடைத்த இரும்பை எஃகாக்கும் முறை இன்னும் நுட்பமானது. இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு மண்குகையில் ஒரு பவுண்டு அளவுக்கே இடுவார்கள். அதனோடு உலர்ந்த ஆவாரங்கட்டைச் சில்லுகளை, இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பார்கள். மேலே எருக்கிலை ஒன்றிரண்டை வைத்து, குகையின் வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவிடுவார்கள். இருபது, இருபத்து நான்கு குகைகளை உலைக்குள் வளைவாக அடுக்கி இரண்டரை மணிநேரம் ஊதினால், இலையும் கட்டையும் கரியாகி, கரி இரும்போடு கலந்து எஃகுக் கட்டி உண்டாகும். இன்று நம் சாலையோரத்தில் ஆடு மாடுகளும் தீண்டாத எருக்கும், பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரையும் உலகப் புகழ்பெற்ற எஃகுக்கு உயிர் கொடுத்தன. ஐரோப்பியர் அதை ‘ஊட்ஸ்’ என்றனர். நம் தென்மொழிகளின் உக்கு, உருக்கு என்னும் சொற்களிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பர்.

இந்த முறையை இவ்வளவு விரிவாக எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னை மாகாணத்து அதிகாரியாயிருந்த அவர், உத்தியோகத்தை உதறிவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்துத் தாது அங்கே சென்றது. ஆலை கடனில் மூழ்கியது. அவருக்குப் பின் 1853இல் தோன்றிய மற்றொரு கம்பெனி காவிரிக்கரையில் நம் பூலாம்பட்டியிலும் உலை கட்டிப் பார்த்தது; அதுவும் நிலைக்கவில்லை. கரிக்காக அழிந்த காடுகளே மிச்சம்.

ஆனால் ஹீத் இங்கிருந்து ஷெஃபீல்டுக்குச் சென்றபோது வெறுங்கையோடு செல்லவில்லை. எஃகு உருக்கும்போது மாங்கனீசைக் கரியோடு கூட்டிச் சேர்த்தால், மலிவான இரும்பிலிருந்தும் உயர்ந்த எஃகு கிடைக்கும், அது சாதாரண இரும்போடு நன்றாக ஒட்டவும் செய்யும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். உளிக்கு இதைவிடத் தேவையானது வேறொன்றில்லை: உடல் மலிவான இரும்பாயிருக்கலாம், வாய் மட்டும் எஃகாயிருந்தால் போதும். ஷெஃபீல்டு ஆலைகள் பெருத்த இலாபம் அடைந்தன. ஹீத்துக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் பத்திரத்தில் எழுதியபடி கலவையைத் தனியே தயாரித்துச் சேர்க்காமல், அதன் பகுதிப்பொருள்களைக் குகைக்குள்ளேயே போட்டுவிட்டு, ‘இது உமது முறை அன்று’ என்று வாதாடினர். ஆண்டுக்கணக்கில் வழக்காடி, கையிருப்பெல்லாம் இழந்து, 1851இல் மாண்டுபோனார். சேலத்து எஃகைக் கண்டு வியந்த மனிதரின் அறிவு ஷெஃபீல்டின் எஃகை வளப்படுத்தியது. அந்த எஃகில் பிறந்த உளிகள் கப்பலேறி நம் தச்சர் பெட்டிக்குள் வந்து சேர்ந்தன. நம் ஊர் எஃகு உலைகளோ ஒவ்வொன்றாய் அணைந்தன. இன்று கஞ்சமலையின் அடிவாரத்திலேயே சேலம் உருக்காலை நிற்கிறது. அதுவும் அம்மலையின் தாதை உருக்குவதில்லை.

ஹீத் இன்னொன்றும் எழுதினார். எகிப்தியர் தங்கள் கல்தூண்களில் சித்திர எழுத்துக்களைப் பொறித்த உளிகள் இந்திய எஃகால் ஆனவையே, வேறெதனாலும் அத்தகைய கடுங்கல்லைச் செதுக்க முடியாது என்பது அவர் துணிபு. நம் சேலத்து உளி பார்வோனின் கோயிலைச் செதுக்கியது என்றால் யாருக்குத்தான் மார்பு நிமிராது? சேர்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் இதை நம்பிப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையன்று. எகிப்தியர் செம்பு உளிகளையும், மணலைத் தேய்ப்புப் பொருளாகக் கொண்டு அறுக்கும் செம்பு வாள்களையும், கருங்கல்லைத் தட்டிப் பொடியாக்கும் கடுங்கல் உருண்டைகளையும் கொண்டே அந்த வேலையை முடித்தார்கள் என்பதை ஆராய்ச்சியாளர் செய்தே காட்டியுள்ளனர். அஸ்வானில் வெட்டி முடிக்காமல் கிடக்கும் கல்தூணில் அந்த உருண்டைகள் தட்டிய தடங்கள் இன்றும் தெரிகின்றன. இளம் அரசன் துத்தன்காமனின் கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டபோது, மரப்பிடியிட்ட சின்னஞ்சிறு இரும்பு உளிகள் பதினாறு அதில் இருந்தன. ஆனால் அவை வேலைக்கு உதவாத மெல்லிய தகடுகள், சடங்குக்காக வைக்கப்பட்டவை. அதே கல்லறையில் கிடைத்த இரும்புக் குறுவாள் வானிலிருந்து விழுந்த விண்கல்லால் ஆனது என்று 2016இல் உறுதி செய்தனர்.

நமக்குப் பெருமை வேண்டுமானால் பார்வோனிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தின் மேட்டூர்ப் பக்கம் மாங்காடு, தெலுங்கனூர் என்னும் ஊர்களில் கிடைத்த இரும்பு வாள்களின் காலம் ஏறத்தாழ கி.மு. 16 முதல் 13 வரையுள்ள நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிவியல் முறையில் கணித்திருக்கிறார்கள். தெலுங்கனூர் வாள் கரிச்சத்து மிகுந்த எஃகு. துத்தன்காமன் விண்கல் இரும்பைப் புதையலாகப் போற்றிய காலத்துக்குச் சற்று முன்பின்னாக, காவிரிக்கரையில் எஃகு வாள் இருந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இலும், தூத்துக்குடி மாவட்டம் சிவகளை இரும்பின் காலம் அதனினும் ஆயிரம் ஆண்டு முந்தியது என்று 2025 ஜனவரியிலும் தமிழக அரசு அறிவித்தது. அறிஞர்கள் இதுபற்றித் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். செய்தித்தாளில் இடம் பிடிப்பது வாள்தான். ஆதிச்சநல்லூரில் நூறாண்டுக்குமுன் அலெக்சாந்தர் ரீ தோண்டியபோது வாள், ஈட்டிகளோடு உளிகளும் மண்வெட்டிகளும் வெளிப்பட்டன. அவற்றைப் பற்றிப் பேசுவோர் சிலரே. விடுதலைப் பயண நூலில், கடவுளுக்குக் கற்பீடம் எழுப்பும்போது செதுக்கிய கல்லால் கட்டலாகாது, கருவி பட்டால் அது தீட்டுப்படும் என்னும் கட்டளை வருகிறதல்லவா? அங்கே கருவிக்கு எபிரேய மூலத்தில் வழங்கும் சொல் வாளுக்கும் உரிய சொல் என்று குருமடத்தில் பாடம் கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. உளியும் வாளும் ஒரே உலையில் பிறந்த உடன்பிறப்புகள்தாம். மூத்தவனுக்குக் கண்ணாடிப் பேழை. இளையவனுக்குப் பழைய இரும்புக் கடைத் தராசு.

இரும்புக்கும் முந்திய உளி உண்டு. அதைத் தேடிச் சேர்த்த ஒருவர் நம் சேர்வராயன் மலைமேல் வாழ்ந்தார். இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் அந்த நிலவியல் அறிஞர், 1863 மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே முதற்சான்றாயிற்று. 1891இல் இந்திய நிலவியல் அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிற்காலத்தில் ஏற்காட்டைத் தம் வீடாகக் கொண்டார். 1912இல் கல்கத்தாவில் மறைந்தார்.

தென்னாடெங்கும் அவர் சேர்த்தவற்றுள் புதிய கற்காலத்துக் கோடரிகளும், வாய்ச்சிகளும், கல்லுளிகளும் நிறைய. கடினமான கருங்கல்லைச் சில்லு சில்லாகப் பெயர்த்து, கொத்தி உருவாக்கி, வேறொரு கல்லில் நீர்விட்டு நாள்கணக்கில் தேய்த்து வாய் தீட்டியவை அவை. கல்லுளி கைவிரல் அளவே இருக்கும். ஆனால் அதன் வாயை வருடிப் பார்த்தால் இன்றைய தச்சனும் ‘இது உளி’ என்று சொல்லிவிடுவான். நாலாயிரம் ஆண்டில் பொருள் மாறியிருக்கிறது, வடிவம் மாறவில்லை. சேர்வராயன் மலைமக்கள் இத்தகைய வழவழப்பான கற்கோடரிகளைக் காட்டில் கண்டெடுத்து, சிறு கோயில்களில் பிள்ளையார் முன் வைத்து வணங்கியதை ஃபுட் எழுதியிருக்கிறார். சவ்வாது மலையிலும் அந்த வழக்கம் உண்டு. ஐரோப்பியக் குடியானவர்களோ அவை இடியோடு வானிலிருந்து விழுந்த கற்கள் என்று நம்பி வீட்டுக் கூரையில் செருகி வைத்தார்கள். எவரோ ஒரு மனிதன் வியர்வை சிந்தித் தீட்டிய கருவி என்பது இரு கண்டத்தாருக்குமே மறந்துபோயிற்று.

ஃபுட்டைப்போல் சேர்த்தவர் பலர் இருந்திருக்கலாம். அவருடைய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்று இன்றளவும் பயன்படுவதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு கல்லும் எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த ஓடையின் கரையில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்தார். அவருடைய விளக்கப் பட்டியல் மாவட்ட வாரியாக 1914இல் நூலாக வெளிவந்தது. ஊர் தெரியாத கல், கல்தான். ஊர் தெரிந்த கல்லே சாட்சி சொல்லும்.

இதை எழுதும்போது என் அலமாரி என்னைக் குத்திக் காட்டுகிறது. அதில் இருபத்து மூன்று உளிகள் இருக்கின்றன. எட்டு உளிகளுக்குத்தான் எந்த வீட்டிலிருந்து வந்தவை என்று என்னால் சொல்ல முடியும். ‘நினைவில் இருக்கும்’ என்ற நம்பிக்கையில் எழுதி வைக்கவில்லை. ஐந்து பங்குகள் மாறியபின் எது இராசிபுரம், எது திருச்செங்கோடு என்பதெல்லாம் குழம்பிப்போயிற்று. இதைவிடக் கெட்ட காரியம் ஒன்றும் செய்தேன். கல் வேலை செய்யும் குடும்பம் ஒன்று மிகுந்த மரியாதையோடு கொடுத்த ஒரு பழைய உளியை, துருவோடு வைத்திருப்பது அழகன்று என்று எண்ணி, சாணைச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினேன். கொல்லன் சுத்தியலின் தடங்களும், மூன்று தலைமுறை கைபட்ட கருமையும் ஐந்தே நிமிடத்தில் போய்விட்டன. பின்னர் அதை அந்த வீட்டுப் பெரியவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எங்களுதுங்களா சாமி?” என்று கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பெட்டி இருந்தால், என் தவற்றைச் செய்யாதீர்கள். துருவை உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயைச் சிறிது தடவினால் போதும். உப்புத்தாள், அமிலம், சாணைச் சக்கரம் ஒன்றும் வேண்டாம். உடைந்த பிடியை எறியாதீர்கள். பெருவிரல் எங்கே அழுந்தியது என்பதை அலகு சொல்லாது, பிடிதான் சொல்லும். எல்லாவற்றுக்கும் முன்னதாக ஓர் அட்டைத்துண்டில் யாருடையது, எந்த ஊர், என்ன வேலைக்கு என்று எழுதி நூலால் கட்டிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே இது நடக்க வேண்டும்.

வயலிலோ மண் எடுக்கும் இடத்திலோ கற்கோடரியோ பழைய இரும்போ கிடைத்தால் அது வேறு செய்தி. அதை வீட்டுக்குக் கொண்டுவருவதும் விற்பதும் சரியன்று. மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த தொல்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் உரிமமின்றி வாணிகம் செய்வதையும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடமோ சேலம் அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். தோண்டி எடுக்காமல், கிடந்த இடத்திலேயே காட்டுவது நன்று.

தச்சர் வீட்டு முற்றத்துக்குத் திரும்புவோம். அவருடைய மகன் கதவு ஜன்னல் வேலை செய்கிறவர், எல்லாம் மின்கருவிகள். “இதை வெச்சு இப்ப யாருங்க சாமி வேலை செய்யறாங்க?” என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. அந்தத் தாய்க்கும் பணம் தேவை. கண் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். எடைக்கு என்ன கிடைக்குமோ அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்து உளிகள் பதினொன்றையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஓர் உளியைக் கையில் எடுத்தார்.

“இது மூத்தவ பொறந்தப்ப எருமப்பட்டிக் கொல்லரு அடிச்சுக் குடுத்ததுங்க. இந்த நக உளி, நம்ம பழைய கோயில் கதவுல திராட்சைக் கொடி செதுக்கறதுக்குன்னே செஞ்சது.”

பெட்டியைத் தம் வாழ்நாளில் ஒரு முறையும் அவர் பயன்படுத்தியதில்லை. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. கணவர் மாலையில் வந்து உளிகளைத் தீட்டும்போது அருகில் அமர்ந்து கேட்டவை. பணம் கொடுத்து நான் வாங்கியிருந்தால் பதினொரு உளிகள் என் அலமாரிக்கு வந்திருக்கும். இந்தக் கதைகள் அங்கேயே நின்றிருக்கும். பள்ளியில் படிக்கும் பேத்தியை அழைத்து, நோட்டிலிருந்து தாள் கிழித்துத் துண்டுகளாக்கச் சொன்னேன். பாட்டி சொல்ல, பேத்தி எழுத, நான் நூல் கட்டினேன். அது முடிய இரண்டு மணிநேரம் ஆயிற்று. மகன் முதலில் வாசற்படியில் நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு, துளையுளி இரண்டைத் தனியே எடுத்து, மூலைகளில் மின்கருவி நுழையாத இடத்துக்கு இவை ஆகும் என்று தாமே வைத்துக்கொண்டார். பழைய இரும்புக்காரருக்கு உடைந்த கைவாள்களும் துருவேறிய துரப்பணமும் போயின. கண் சிகிச்சைக்குப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் உதவினார்கள்.

ஷெஃபீல்டு உளி கடைசியாக வந்தது. அது கணவருக்கு அவருடைய தகப்பனார் கொடுத்தது என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால், ‘மாமனாருடையது’ என்று எழுதும்படி பேத்தியிடம் சொன்னேன்.

“அப்படி எழுதாதீங்க சாமி” என்று தடுத்தார் அந்தத் தாய். “மாமனாருக்கு அது அவரோட ஆசான் குடுத்தது. அவரு ஏற்காட்டுல தொரைமாரு பங்களாவுக்கெல்லாம் மரவேல செஞ்சவரு. ஊருக்குத் திரும்பறப்ப ஒரு தொரை கையில குடுத்தனுப்புன உளின்னு சொல்லுவாங்க. அவரு பேரையும் எழுதோணுமுங்க.”

பேத்தி அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்தாள். ஆசானின் பெயர் நீளமாயிருந்தது. சீட்டின் பின்பக்கத்திலும் எழுத வேண்டியதாயிற்று.